விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை விட்டு விட்டு வருகிறதா? "கார்டு போயிடுச்சு" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

லேப்டாப் சர்வீஸ் கடையில் என் தங்கையை ஏமாற்றிய கதை இது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இதே வேலையைச் செய்கிற கடை ஊருக்கு நாலு இருக்கும். எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

வாரண்டி முடிந்த லேப்டாப், விண்டோஸ் 11. ராத்திரி ஒரு அப்டேட் தானாக ஏறியது. மறுநாளிலிருந்து வைஃபை அறுந்து அறுந்து வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூலையில் உள்ள வைஃபை குறி போய் உருண்டை குறி வரும், ஆஃப் செய்து ஆன் செய்தால் திரும்ப வரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி போகும். அதே வீட்டில், அதே ரவுட்டரில் போன்களும் டிவியும் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடின. அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை, மீட்டிங் நடுவே அறுந்தால் மேனேஜர் முகம் சுளிப்பார். நான் வெளியூரில் இருந்ததால் பக்கத்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மேடம், வைஃபை கார்டு போயிடுச்சு, அப்படியே விட்டா போர்டுல ஷார்ட் ஆயிடும்" என்றாராம். போர்டு என்ற வார்த்தையைக் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டு கார்டை மாற்றிக் கொடுத்தார்கள். பில் கிடையாது, துண்டுச் சீட்டில் "வைஃபை சர்வீஸ்" என்று ஒரு வரி. பழைய கார்டு எங்கே என்று அவள் கேட்டதற்கு, அது ஸ்கிராப், நாங்களே போட்டுவிடுவோம் என்று பதில்.

கார்டு மாற்றியபின் அறுபடுவது நின்றதுதான், பொய் சொல்லவில்லை. ஆனால் வேகம் படுத்துவிட்டது. ரவுட்டரில் இருந்து வரும் இரண்டு பெயர்களில் 5ஜி என்று முடியும் பெயர் லேப்டாப்பின் பட்டியலிலேயே இல்லை, போனில் மட்டும் தெரிந்தது. புளூடூத் ஹெட்செட்டில் பேசினால் வீடியோ உறைந்தது. ஊருக்கு வந்து பார்த்தபோது எனக்கு அங்கேயே பொறி தட்டியது. இந்த 5ஜி என்பது மொபைல் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அது மொத்தமாகக் காணோம் என்றால் உள்ளே இருக்கும் கார்டு 2.4 மட்டுமே பிடிக்கிற பழைய ரகம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். புளூடூத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது, அதனால்தான் இரண்டும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன.

லேப்டாப்பில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று விண்டோஸ் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். நெட்வொர்க் அடாப்டர்களில் ரியல்டெக் 8723டிஇ என்று இருந்தது. அது 802.11என் என்ற பழைய வைஃபை தலைமுறை வரை மட்டுமே போகும் மலிவான கார்டு. அப்புறம் மேலே வியூ மெனுவில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டு என்பதை அழுத்தினால், முன்பு மாட்டியிருந்த கார்டின் பெயர் மங்கலாகத் தெரிந்தது: இன்டெல் வைஃபை 6 ஏஎக்ஸ்200. கடையில் விண்டோஸை ஃபார்மட் செய்யாமல் விட்டது நம் அதிர்ஷ்டம், செய்திருந்தால் இந்தத் தடயம் போயிருக்கும். ஃபார்மட் போட்டால்தான் சரியாகும் என்று சில கடைகள் ஏன் அவ்வளவு அவசரப்படுகின்றன என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம்.

விண்டோஸிலேயே வயர்லெஸ் ரிப்போர்ட் எடுக்க ஒரு கட்டளை இருக்கிறது, மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்தில் கிடைக்கும். அட்மினாகக் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து அதைக் கொடுத்தால் கடந்த 3 நாட்களில் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, ஏன் அறுந்தது என்று ஒரு பக்கமாகக் கொடுத்துவிடும், நாட்களைக் கூட்டியும் கேட்கலாம். கடைக்குப் போவதற்கு முந்தைய பதிவுகளில், இணைப்பைத் துண்டித்தது டிரைவர்தான், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள்தான், என்று வரிசையாக இருந்தது. ஆக, கார்டு சாகவில்லை. அப்டேட்டோடு சேர்ந்து வந்த புது டிரைவர் அந்தக் கார்டோடு ஒத்துப்போகவில்லை. இது அபூர்வமும் இல்லை. 2023 டிசம்பரில் வந்த ஒரு விண்டோஸ் 11 அப்டேட்டால் சில கார்டுகள் கல்லூரி, அலுவலக வைஃபைகளில் இணையாமல் போனதை மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு சரிசெய்தது.

இதையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டு தங்கையோடு கடைக்குப் போனேன். முதலில் "சார், அதே மாதிரி கார்டுதான் போட்டிருக்கோம்" என்றார். மங்கலான பெயரைக் காட்டியதும் "பையன் மாத்திப் போட்டிருப்பான்" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யப் போகிறோம் என்று சொன்னபிறகுதான், ஸ்கிராப்பில் போனதாகச் சொன்ன கார்டு மேசை டிராயரில் இருந்து வெளியே வந்தது. என் கண் முன்னாலேயே மாட்ட வைத்தேன். பணத்தில் 1,500 தந்தார், மீதி லேபர் சார்ஜாம். எதற்கு லேபர், கழற்றியதற்கா, திரும்ப மாட்டியதற்கா? மீதிக்குப் புகார் பதிவு செய்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து, டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் தாவலில், பழைய டிரைவருக்கே திரும்ப வைக்கும் ரோல் பேக் பட்டனைத் தேடினால் அது மங்கிக் கிடந்தது. சரி என்று லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான முந்தைய டிரைவரை இறக்கி நிறுவினேன். அவ்வளவுதான், செலவு பூஜ்யம். உங்களுக்கு ரோல் பேக் பட்டன் உயிரோடு இருந்தால் இதுவும் தேவையில்லை. இறக்குவதற்கே நெட் நிற்கவில்லை என்றால் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பவர் மேனேஜ்மென்ட் தாவல் இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துப் பாருங்கள், சில புது லேப்டாப்களில் அந்தத் தாவலே இருக்காது. நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், சேமித்த வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும், அலுவலக விபிஎன் இருந்தால் அதையும் மறுபடி அமைக்க வேண்டிவரலாம்.

கூகுளில் தேடினால் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்களைக் கூப்பிட்டு, அவர்கள் சொல்கிறபடி, வேறு இடத்திலிருந்தே லேப்டாப்பை இயக்கவிடும் எனிடெஸ்க் ஆப்பைப் போட்டு லேப்டாப்பைத் திறந்து விடாதீர்கள். அது இதைவிடப் பெரிய குழி, வங்கிக் கணக்கே போகும். அப்படி யாராவது சிக்கிப் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன் டிவைஸ் மேனேஜரில் கார்டு, எஸ்எஸ்டி பெயர்களையும், டாஸ்க் மேனேஜரில் ரேம் அளவையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையது கையில் வேண்டும் என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடை. சரியானபின் செட்டிங்ஸில் அப்டேட்டைச் சில வாரம் தற்காலிகமாக நிறுத்தி (Pause) வையுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அதே டிரைவரைத் திரும்பவும் ஏற்றிவிடும்.