இஸ்தான்புல்லில் தனியாகவா, சென்னையில் வீட்டாரோடா? உயரம் கூட்டும் அறுவை பற்றி

நகரி, புத்தூர், திருத்தணி பக்கத்துப் பையன்கள் சிலர் வெட்கத்தோடு வந்து என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, துருக்கி நல்லதா, இங்கேயே பண்ணிக்கலாமா?" ஒரு சென்டிமீட்டருக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். அறுவை முடிந்து பல மாதம் கழித்துத்தான் இந்தக் கால்கள் என்னிடம் வரும். எந்த நாடு, எலும்பை நீட்ட உள்ளே வைக்கும் எந்த ராடு என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். எலும்பு நீண்டுகொண்டிருக்கும் மாதங்களில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை வைத்தே அந்தக் கால் எப்படி நடக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

செய்முறை எல்லா ஊரிலும் ஒன்றுதான். எலும்பை வெட்டி, ஐந்து முதல் ஏழு நாள் விட்டு, பிறகு நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விலக்குவார்கள். வழக்கமாக 0.25 மில்லிமீட்டர் வீதம் நான்கு தடவை. விலகிய இடத்தில் புது எலும்பு வளரும். சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரீல் இலிசாரொவ் 1950களில் வளர்த்தெடுத்த வழி இது. 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிய உயரம் தாண்டும் வீரர் வலேரி புரூமெல் அவரிடம் சிகிச்சை பெற்ற பிறகு சோவியத் நாடு முழுக்க அவர் பெயர் பரவியது. 1980களில் இத்தாலி வழியாக மேற்கு நாடுகளுக்கும் போனது. கூடாத எலும்பு, போலியோவில் குட்டையான கால், பிறவியிலேயே ஏற்றத்தாழ்வான கால் என்று எத்தனையோ பேரை நடக்க வைத்த சிகிச்சை. நன்றாக இருக்கும் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் வெட்டும்போது கணக்கு மாறுகிறது. ஊன்றிக்கொள்ள நல்ல கால் ஒன்றுகூட மிச்சம் இருக்காது.

6 சென்டிமீட்டர் கூட்ட 60 நாள் போதும் என்று விளம்பரத்தில் படிப்பார்கள். அது நீட்டுகிற காலம் மட்டும். நீண்ட எலும்பு கெட்டிப்பட சென்டிமீட்டருக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். இயல்பாக நடக்க ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம்.

கருவியைப் பொறுத்தவரை பழைய வெளிச்சட்டம்தான் மலிவு. ஆனால் தோலைத் துளைத்து எலும்புக்குள் போகும் கம்பிகள் ஒவ்வொன்றையும் தினமும் துடைத்துப் பராமரிக்க வேண்டும், இல்லையென்றால் சீழ் வைக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில், வேர்வையில், அந்தச் சட்டத்தோடு படுத்துக் கிடப்பது கொடுமை. உள்ளே வைக்கும் காந்த ராடில் இந்தத் தொல்லை கிடையாது. அமெரிக்காவில் பிரிசைஸ் என்ற ராடுக்கு 2011இல் அனுமதி கிடைத்தது. தொடைமேல் ஒரு கருவியை வைத்தால் உள்ளே இருக்கும் ராடு நீளும். விலை பல மடங்கு. அந்த ராடு முழு உடல் எடையையும் தாங்காது என்பதைத்தான் பையன்கள் கவனிப்பதில்லை. எலும்பு கெட்டிப்படும்வரை வாக்கர் அல்லது வீல்சேர். முழு எடை தாங்கும் என்று 2018இல் வந்த ஸ்ட்ரைட் ராடை, ராடின் இணைப்பு இருக்கும் இடத்தில் எலும்பில் மாற்றங்கள் தெரிந்ததால் 2021இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். "மறுநாளே நடக்கலாம்" என்று யாராவது சொன்னால் எந்த ராடு, எத்தனை கிலோ வரை என்று எழுத்தில் கேளுங்கள்.

தொடையா, முழங்காலுக்குக் கீழேயா என்பதிலும் எனக்குத் தயக்கமில்லை. தொடையைச் சுற்றிச் சதை அதிகம், ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், எலும்பு சீக்கிரம் கூடும். கீழ்க்கால் எலும்பு மெதுவாகத்தான் கூடும், 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் சிக்கல் ஏறும், கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு இணைக்கிற தசைநாண் எலும்போடு சேர்ந்து நீள மறுக்கும்.

அப்படி ஒரு காலை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பையன், ஐடி வேலை, வெளிநாட்டில் தனியாக இருந்து கீழ்க்காலை நீட்டிக்கொண்டு வந்தவன். சுவரோரம் நிற்க வைத்தால் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. முழங்காலும் முழுசாக நீளவில்லை. எப்படிப் படுத்தாய் என்று கேட்டேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் வலி குறைந்ததாம், அப்படியே தூங்கியிருக்கிறான். மாதக்கணக்கில் மடங்கியே இருந்த முழங்கால் மடங்கினபடியே இறுகிவிட்டது. அவன் வாங்கிய பேக்கேஜில் தினம் ஒரு பிசியோ வகுப்பு இருந்தது, அதை ஒழுங்காகச் செய்தும் இருக்கிறான். மிச்ச 23 மணி நேரத்துக்கு ஆள் இல்லை. வீட்டில் இருந்திருந்தால் அவன் அம்மா அந்தத் தலையணையை உருவியிருப்பார். பாதம் மரத்துப்போன பிறகும் அவன் நீட்டுவதை நிறுத்தவில்லை. திரும்புகிற டிக்கெட் தேதிக்குள் சென்டிமீட்டரை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். மரத்துப்போனாலோ, கணுக்கால் மேலே வளையாமல் போனாலோ வேகத்தைக் குறைப்பதும், சில நாள் நிறுத்துவதும்தான் முறை. அதை மருத்துவரிடம் சொல்வதற்கும் தெம்பு வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காத பையனுக்கு அது எங்கே இருக்கும்?

இஸ்தான்புல்லின் பலத்தையும் சொல்லியாக வேண்டும். உயரத்துக்காகவே இதைத் திரும்பத் திரும்பச் செய்து கை பழகிய மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். அமெரிக்காவில் 70,000 டாலருக்கு மேல் ஆவதை அங்கே அதில் பாதிக்கும் குறைவாக முடிக்கலாம். தங்க இடம், எக்ஸ்ரே, பிசியோ எல்லாம் ஒரே பொட்டலம். ஊர் வாயும் கிடையாது. பல பையன்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய ஈர்ப்பு. "ஆன்சைட் போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

அந்தப் பொய்தான் எனக்குப் பயம். கெண்டைக்கால் வீங்கிச் சூடேறினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதை உடனே பார்த்துச் சொல்ல அறையில் ஒரு ஆள் வேண்டும். குளியலறையில் வழுக்கினால் தூக்க ஆள் வேண்டும். நம் மருத்துவக் காப்பீடு அழகுக்காகச் செய்யும் அறுவைக்குப் பணம் தராது, ஆக சிக்கல் வந்தால் ஒவ்வொரு ரூபாயும் கைக்காசு. நீட்டும் காலம் இழுத்துக்கொண்டால் விசா நாட்களும் முடிந்துபோகும்.

தூர தேசம் போனால்தான் இந்தத் தனிமை என்றும் இல்லை. 2016இல் ஹைதராபாத்தில் ஒரு மென்பொருள் இளைஞர் வீட்டில் சொல்லாமலே இந்த அறுவையைச் செய்துகொண்டார். காணோம் என்று தேடிய பெற்றோர் அவரை மருத்துவமனைப் படுக்கையில்தான் பார்த்தார்கள். விவகாரம் பெரிதாகி, தெலங்கானா மருத்துவ கவுன்சில் மருத்துவர்மீது நடவடிக்கை எடுத்தது. சீனாவோ 2006இலேயே, உயரத்துக்காக மட்டும் செய்யும் இந்த அறுவைக்குத் தடை போட்டுவிட்டது.

சென்னைக்கு வருவோம். இலிசாரொவ் முறையில் விபத்துக் கால்களையும் போலியோ கால்களையும் சரிசெய்து தேர்ந்தவர்கள் இங்கே உண்டு. உயரத்துக்காக மட்டும் என்றால் பலர் மறுப்பார்கள். மறுக்கிறவர் காரணம் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். நகரியிலிருந்து சென்னை காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பும் தூரம், வேகம் குறைக்க வேண்டுமா என்று எக்ஸ்ரேயோடு நேரில் போய்க் கேட்டு வரலாம். வீட்டிலும் சிரமம் இல்லாமல் இல்லை. நம் வீடுகளில் வாசல்படி உயரம், கழிவறையில் குந்தித்தான் உட்கார வேண்டும். மேல்நாட்டுக் கழிவறையும் கைப்பிடியும் அறுவைக்கு முன்பே போட்டாக வேண்டும். ஐம்பது வயது அம்மா ஒருத்தரே வளர்ந்த பையனைத் தூக்கி உட்கார வைத்தால் அவர் இடுப்பு போய்விடும். இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் சம்பளத்தை விட்டுவிட்டு உட்கார வேண்டும். அந்தச் சம்பளத்தையும் செலவில் சேருங்கள். "நல்லா இருந்த காலை எதுக்குடா வெட்டிக்கிட்ட?" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்பார்கள். அதையும் தாங்க வேண்டும்.

வீட்டில் இருப்பதால் வரும் ஆபத்தும் உண்டு. வலி என்றால் நம் பக்கத்தில் முதலில் வாயில் வருவது புத்தூர் கட்டு. சென்னையிலிருந்தே ஆட்கள் தேடி வரும் பெயர் அது. ஆனால் ராடு வைத்து நீட்டிய, இன்னும் கெட்டிப்படாத எலும்புக்குக் கட்டும் கூடாது, எண்ணெய் தேய்த்து உருவுவதும் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவதையும் நிறுத்துங்கள். எலும்பு வளர்வதைத் தாமதப்படுத்தலாம் என்று பல மருத்துவர்கள் அந்த வகை மாத்திரையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சிகரெட் கண்டிப்பாகக் கூடாது.

செய்யாமல் விடுவதும் ஒரு தேர்வுதான், நான் முதலில் வைப்பது அதைத்தான். குறிப்பாக போலீஸ் வேலைக்காகக் கேட்கிற பையன்களிடம். ஆந்திராவில் கான்ஸ்டபிளுக்கு 167.6 சென்டிமீட்டர், தமிழ்நாட்டில் பெரும்பாலான பிரிவினருக்கு 170. உயரத்தை எட்டிவிட்டாலும் ஓட்டம் இருக்கிறது: ஆந்திராவில் 1600 மீட்டர், தமிழ்நாட்டில் 1500. நீட்டிய காலில் பழைய வேகம் திரும்புமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வெளிநாட்டில் கீழ்க்காலை நீட்டிக்கொண்டு வந்த அந்த ஐடி பையனின் அம்மா என்னிடம், "அடுத்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறிடுவானா?" என்று கேட்டார். அங்கே 365 படி. முதலில் கீழே தரையில் குதிகால் படட்டும்மா என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள், எந்த மருத்துவமனைக்கும் முன்பணம் கட்டும் முன் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஐந்தடி ஏழு அங்குலம் இருந்தும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, அவர்களுக்கு மூன்று அங்குலம் கூடினாலும் மனசு ஆறுவதில்லை.

அதற்குப் பிறகும் செய்தே தீருவேன் என்றால் என் வரிசை இது: பக்கத்து ஊரில், இரண்டு பேர் துணையோடு, தொடையில், உள் ராடு, 5 சென்டிமீட்டரோடு நிறுத்துவது. அடுத்தது வெளிநாடு, ஆனால் நீட்டி முடியும்வரை கூடவே ஒருவர். தனியாக வெளிநாடு என்பதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே போய் வந்தவர்களுக்கு ஒன்று. ராடைப் பெரும்பாலும் ஒன்று இரண்டு வருடத்தில் எடுக்க வேண்டும், அது இன்னொரு அறுவை. இங்கே எடுக்கப்போகும் மருத்துவருக்கு ராடின் பெயர், நீளம், விட்டம், எத்தனை ஸ்க்ரூ என்ற விவரம் தேவை. அறுவைக் குறிப்பையும், ராடின் பெட்டியில் இருந்த ஒட்டுத்தாளையும், எல்லா எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கி வையுங்கள். உள்ளே காந்தம் இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்கப் போனால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். குதிகால் தரையில் படவில்லை என்றால் எலும்பு கூடட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு பிசியோவிடம் காட்டுங்கள்.