ஆஸ்பத்திரி அறிவிப்பின் சிக்கலை எந்தக் கணக்கில் அளப்பது?

வேலூர் ஆஸ்பத்திரிகளில் ஒட்டும் அறிவிப்பைக் குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அது கடினமான தமிழா என்று கணினியைக் கேட்டால், எந்தக் கணக்கைப் போடுகிறோமோ அதற்கேற்ற பதில்தான் வரும்.

மொத்தச் சொற்களில் வெவ்வேறு சொற்கள் எத்தனை என்று எண்ணுவது சுலபம். ஆனால் காட்பாடியில், காட்பாடிக்கு, காட்பாடியிலிருந்து மூன்றையும் அது மூன்று புதுச் சொற்களாக எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, உரை நீள நீள விகிதம் தானாகவே இறங்கும். தமிழுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அறிவிப்பு இருக்கும் கணினிக் கோப்பை ஜிஜிப் என்ற சுருக்கும் மென்பொருளில் சுருக்கி அளவு பார்ப்பது இதைவிட நல்ல வழி. திரும்பத் திரும்ப வரும் காட்பாடியை அது கண்டுகொள்ளும். மொழியைக் கணினியால் ஆராயும் பாட்ரிக் ஜுவோலா 1998-இல் இன்னும் ஒரு படி போனார்: ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக ஏதோ ஒரு எண்ணை வைத்து, அதையும் சுருக்கி, இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டார். எண் வைத்ததும் சொல்லின் உள்ளமைப்பு மறைந்துவிடுவதால், சொல்லுக்குள் இருக்கும் ஒழுங்கு எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும். ஆனால் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற குறியீட்டில் ‘வேலூர்’ 18 பைட், ஆங்கிலத்தில் அதே பெயர் 7 பைட். குறியீட்டைச் சமன்செய்யாமல் கோப்புகளை ஒப்பிட்டால் மொழியோடு எழுத்துக் குறியீடும் சேர்ந்தே அளக்கப்படும்.

சரி, நோயாளிக்கு? இதைப் பாருங்கள்: “சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் பழைய சீட்டோடு வெறும் வயிற்றில் காலை ஏழு மணிக்குள் இரத்தம் கொடுக்க வரவும்.” யார் என்பதற்கும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் நடுவில் ஒன்பது சொற்கள். “சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரத்தம் கொடுக்கக் காலை ஏழு மணிக்குள் வரவும். வெறும் வயிற்றில் வரவும். பழைய சீட்டைக் கொண்டுவரவும்” என்று பிரித்தால் முதல் வாக்கியத்தில் ஐந்துதான். ஜிஜிப் இந்த வித்தியாசத்தைக் காட்டித் தராது. எழுவாயும் வினையும் போல உறவுள்ள சொற்களுக்கு இடையேயான தூரத்தை அளக்கும் முறை காட்டும். உறவுள்ள சொற்கள், வாக்கியத்தைக் கண்டபடி அடுக்கினால் வருவதைவிடச் சராசரியில் அருகருகே நிற்கின்றன என்று 37 மொழிகளை வைத்து 2015-இல் வந்த ஆய்வும் சொன்னது.

இதைக் கணினி தானாகச் செய்ய, எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று இலக்கணக் குறிப்பு போட்ட வாக்கியங்கள் நிறைய வேண்டும். பலரும் பயன்படுத்தும் தமிழ்த் தொகுப்பில் இருப்பது வெறும் 600. அதுவும் செய்தித்தாள் தமிழ். மொழிகளை ஒப்பிடுபவர்கள் ஜுவோலா வழியில் போகட்டும். அறிவிப்பு எழுதுபவர்கள் அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுவாயிலிருந்து வினை வரை விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். அதற்குக் கணினிகூட வேண்டாம்.