பழைய மர லேத்: சில வருடம் ஓட்டிய பிறகு

கோவையில் தொழிலை விட்ட ஒரு கடைசல் பட்டறையிலிருந்து மரத்தைச் சுழற்றி உளியால் கடையும் இந்த மர லேத்தை வாங்கினேன். கட்டில் காலும் மாடிப்படித் தூணுமாகக் கடைந்து உழைத்த வார்ப்பிரும்பு மெஷின். பெயின்ட் உரிந்து, பார்க்கச் சகிக்காது. ஸ்விட்சில் கை வைத்தேன். விற்ற பெரியவர் தடுத்துவிட்டார். “மோட்டார் சத்தத்த வச்சு முடிவு பண்ணாதீங்க தம்பி. பெல்ட்டக் கழட்டிட்டுக் கையால சுத்திப் பாருங்க.”

சுற்றினேன். ஸ்பிண்டில் (மரத்தைச் சுழற்றும் தண்டு) எங்கும் கரகரக்காமல் வழுக்கிச் சுற்றியது. பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை. அப்புறம் மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை நகர்த்தி, மரத்தை இருபுறமும் பிடிக்கும் இரண்டு சென்டர் முனைகளையும் எதிரெதிரே கொண்டுவந்தால், ஊசிமுனையாகச் சேர்ந்தன. அவ்வளவுதான், விலை பேசிவிட்டேன். மோட்டார், பெல்ட், புல்லி எல்லாம் கடையில் கிடைக்கும். ஆனால் பெட் (இவையெல்லாம் உட்காரும் நீள அடிப்பகுதி) முறுக்கியிருந்தாலோ பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தாலோ வீட்டுப் பட்டறையில் ஒன்றும் செய்ய முடியாது.

சக்கை (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மாட்டும் ஸ்பிண்டில் மரைதான் கொஞ்சம் அலைக்கழித்தது. இதில் இருந்தது ஒன்றேகால் அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) மரை, அங்குலத்துக்கு 7 சுற்று. கிண்ணம் கடைய வேண்டிய நாலு தாடைச் சக்குகள் பெரும்பாலும் 1 அங்குலம் 8 சுற்று அல்லது எம்33 (33 மி.மீ.) மரையில்தான் வருகின்றன. இரும்பு லேத் பட்டறையில் கொடுத்து மரையை மாற்றித் தரும் ஒரு அடாப்டர் கடைந்து வாங்கினேன். வேலை நடக்கிறது, ஆனால் சக்கு அந்த அளவுக்கு முன்னால் தள்ளி நிற்பதால் பெரிய துண்டு போட்டால் லேசான அதிர்வு தெரியும். வாங்கப்போகிறவர்கள் மரையின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். டெயில்ஸ்டாக்கில் மோர்ஸ் டேப்பர் 2 (கூம்புத் துளையின் ஒரு பொது அளவு) இருந்தது நிம்மதி. இரும்பு லேத்துக்கு விற்கும், துண்டோடு சேர்ந்து சுற்றும் ரிவால்விங் சென்டரே அதில் பொருந்திவிட்டது.

அடுத்தது வேகம். கட்டில் கால் கடைய வந்த மெஷினில் மிகக் குறைந்த வேகமே நிமிடத்துக்கு 700 சுற்றைத் தாண்டும். 10 அங்குலப் பூவரசுத் துண்டு, அதுவும் ஒரு பக்கம் கனமாக இருந்தால், அந்த வேகத்தில் மெஷினே தரையில் நடக்கும். அங்குல விட்டத்தை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கினால் 6000-லிருந்து 9000-க்குள் நிற்க வேண்டும் என்பது கடைசல்காரர்கள் கணக்கு; உருண்டையாகும்வரை அதற்கும் கீழே. அதனால் 1 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு மாறி, வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஓடும் விஎஃப்டி (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்தேன். டெர்மினல் பாக்ஸில் 6 முனை இருக்கும் மோட்டாராகப் பார்த்து எடுத்து, எலக்ட்ரீஷியனிடம் டெல்டாவாக (சுருள்களை முக்கோணமாக) இணைக்கச் சொல்ல வேண்டும். விஎஃப்டி இருக்கிறதே என்று புல்லியை மறந்துவிடாதீர்கள். ஹெர்ட்ஸை மட்டும் குறைத்தால் இழுவை போய்விடும், மோட்டார் சூடேறும். பெல்ட்டைப் புல்லியில் வேகம் குறையும் படியில் போட்ட பிறகுதான் விஎஃப்டி குமிழைத் திருகுவது.

உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டின் மேல் விளிம்பில் வரிசையாகப் பள்ளங்கள். உளி ஒவ்வொன்றிலும் தட்டித் தட்டி நின்று, மரத்தில் அலை அலையாகக் கோடு விழுந்தது. அரம் போட்டுச் சமன் செய்து, மெழுகு தேய்த்ததும் சரியாகிவிட்டது.

மெஷினைவிட அதைச் சுற்றித்தான் பணம் போகிறது: ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) உளிகள், பெஞ்ச் கிரைண்டர், சக்கு, முகக் கவசம். தேக்கு கடைந்தால் அதிலுள்ள சிலிக்கா உளி முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். வேம்புத் தூள் மாஸ்க்கை மீறித் தொண்டைவரை கசக்கும். மாவும் பூவரசும்தான் எனக்குத் தோதுப்பட்டன.

பேனா, சாவிக்கொத்து மட்டும் கடைய நினைப்பவருக்கு இவ்வளவு கனம் தேவையில்லை. புது மினி லேத்தே போதும்.