த்ரீ பேஸ் பிளாஸ்மா கட்டரைச் சிங்கிள் பேஸில் ஓட்டினால்: கொழும்புப் பட்டறைக் கணக்கு

பட்டறையின் மெயின் 30 அம்பியர் சிங்கிள் பேஸ். மெஷின், மின் ஆர்க்கில் சூடேறிய காற்றால் தகட்டை வெட்டும் பிளாஸ்மா கட்டர்: 60 அம்பியர் வரை வெட்டுக் கரண்ட் தரும் 400 வோல்ட் த்ரீ பேஸ் இன்வெர்டர். "ட்ரான்ஸ்போமர் ஒன்று போட்டால் ஓடும்" என்பார்கள். ஓடும்தான், ஆனால் 60இல் அல்ல. ட்ரான்ஸ்போமர் வோல்டேஜைத்தான் கூட்டும், பவரைக் கூட்டாது.

பிளாஸ்மாவுக்கு வெளியீட்டு வோல்டேஜ் 80 + 0.4 × அம்பியர் என்று கணக்கு. 60க்கு 104 வோல்ட், அதாவது 6.24 கிலோவாட். திறன் 85 சதவீதம் என்று வைத்தால் லைனில் 7.3 கிலோவாட். த்ரீ பேஸில் இது பேஸுக்கு ஏறத்தாழ 12 அம்பியரோடு முடியும். சிங்கிள் பேஸில் பவர் பெக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.7 அளவுக்கு விழுவதால் 45 அம்பியர் கேட்கும். அதே கணக்கில் 40இல் வெட்ட 28 அம்பியர், 30இல் வெட்ட 20 அம்பியர். அதற்கு மேல் 2 குதிரைவலு கொம்பிரசர் ஒன்பது, பத்து அம்பியர் தின்னும். ஆகவே கொம்பிரசரும் சேர்ந்து ஓடும்போது கையில் இருப்பது 30 அம்பியர் கட்டர். கேட், கிரில் வேலைக்கு வரும் 3, 4 மிமீ தகட்டுக்கு அது தாராளம். 6 மிமீ நிதானமாக இழுத்தால் வரும்.

10 மிமீ தகடு வந்தால் டேங்கை நிரப்பி, கொம்பிரசரை நிறுத்திவிட்டு 40இல் வெட்டலாம். 100 லீட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்கும்போது 300 லீட்டர் காற்று கிடைக்கும். டோர்ச் நிமிடத்துக்கு 150 லீட்டர் குடித்தால் இரண்டு நிமிடம். கொம்பிரசரை நிறுத்த மறந்தால், வெட்டின் நடுவில் அது ஸ்டார்ட் எடுக்கும் இழுவையில் வோல்டேஜ் விழுந்து ஆர்க் அறுந்துவிடும், அல்லது பிரேக்கர் விழும்.

230ஐ நேரே கொடுத்தால் மெஷின் அதை உள்ளே டிசியாக மாற்றும்போது 325 வோல்ட்தான் வரும். மெஷின் எதிர்பார்ப்பது 566. அதனால்தான் 230/400 ட்ரான்ஸ்போமர், 10 கேவிஏ. ஒரே சுற்றில் இரண்டு வோல்டேஜும் எடுக்கும் ஒட்டோ ட்ரான்ஸ்போமர் என்றால் கோர் 4.25 கேவிஏ அளவில் போதும், விலையும் பாரமும் குறையும். இருந்தாலும் உள்ளீட்டுக்கு (பிரைமரி) ஒன்று, வெளியீட்டுக்கு (செக்கண்டரி) ஒன்று எனத் தனித்தனியாக இரட்டைச் சுற்றுள்ளதே நல்லது. காரணம் ட்ரிப் சுவிட்ச். மூன்று பேஸும் இருக்கும்போது மெஷினின் பில்டர் (மின் இரைச்சல் வடிகட்டி) வழியாக எர்த்துக்குப் போகும் கசிவுகள் ஒன்றையொன்று பெருமளவு சமன் செய்யும். ஒரு பேஸ் இல்லாவிட்டால் சமன் குலையும், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் காரணமே இல்லாதது போல் விழுந்துகொண்டிருக்கும். இரட்டைச் சுற்றில் அந்தக் கசிவு செக்கண்டரிக்கே திரும்பிவிடும். ஆனால் மெயினில் உள்ள ட்ரிப் சுவிட்ச் செக்கண்டரிப் பக்கத்தைக் காப்பாற்றாது. அங்கே எர்த்தோடு தனி ட்ரிப் சுவிட்சும் இரண்டு போல் பிரேக்கரும் வேண்டும். இந்த இடத்தில் எலெக்ட்ரீஷியன் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

வைண்டிங் கட்டக் கொடுக்கும்போது பிரைமரியில் 215, 230 என இரண்டு டெப் (வோல்டேஜுக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும் இணைப்பு முனை) கேளுங்கள், மாலையில் வோல்டேஜ் இறங்கும் லேனில் உதவும். சுவிட்ச் போட்டதும் பிரேக்கர் விழுந்தால் மெஷினில் பிழை தேடவேண்டாம், அது ட்ரான்ஸ்போமரின் தொடக்க இழுவை. பிரைமரியில் தொடராக ஒரு ரெசிஸ்டர் வைத்து, ஒரு விநாடியில் டைமரும் கொன்டெக்டரும் அதைக் கடத்திவிட்டால் தீரும்.

எந்த இரண்டு டெர்மினலில் கொடுப்பது? சில மெஷின்களில் மின்விசிறியும் கன்ட்ரோல் போர்டும் குறிப்பிட்ட இரண்டு பேஸிலிருந்து எடுக்கும். தவறான ஜோடியில் கொடுத்தால் மெஷின் எழும்பாது. அதைவிட மோசம், மின்விசிறி சுற்றாமல் வெட்டிக்கொண்டே போகும். பேஸ் குறைந்தால் நிறுத்தும் பாதுகாப்பு உள்ள மெஷினில் அதை ஷோர்ட் செய்து ஏமாற்றுவது பட்டறைகளில் சகஜம். அந்தப் பாதுகாப்பு அங்கே இருப்பது, உள்ளே டிசியைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டருக்காக. சிங்கிள் பேஸ் ஆகாது என்று மெனுவலில் இருந்தால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

நாட்பட்டுத் தெரியும் பாதிப்பும் கெப்பாசிட்டரில்தான். த்ரீ பேஸில் விநாடிக்கு 300 தடவை நிரம்பும், சிங்கிள் பேஸில் 100 தடவை. மொத்தம் 470 மைக்ரோ ஃபரட் என்றால், 40இல் வெட்டும்போது நிரம்பும் இடைவெளியில் டிசி நூறு வோல்ட்டுக்கு மேல் சரியும். ஆர்க் "ர்ர்ர்" என்று கரகரக்கும், தகட்டின் அடியில் கசடு தடிக்கும், டோர்ச்சைச் சற்றுத் தூக்கினாலே அறுந்துவிடும். கெப்பாசிட்டர் சூடாகிக் காலப்போக்கில் மண்டை உப்பும். வருடம் ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். கரண்ட் நிறுத்தியதும் தொடவேண்டாம், மீட்டரில் டிசி இறங்கியதைக் கண்ட பிறகுதான்.

400 வோல்ட் டெல்டா மோட்டரை இடையில் சுற்றவிட்டு மூன்றாவது பேஸ் எடுக்கும் ரோட்டரி முறையில் இந்தக் கரகரப்பு நன்றாகக் குறையும். ஆனால் அந்த மோட்டர் காலியாகச் சுற்றுவதற்கும் அதே 30 அம்பியரில் பங்கு கொடுக்கவேண்டும். மோட்டர் வேகத்தை மாற்றும் விஎஃப்டியை இதற்கு வாங்கவே வேண்டாம். அதன் வெளியீடு மோட்டருக்கானது, மெஷின் வாசலில் ஏசியை டிசியாக்கும் டயோட் பிரிட்ஜுக்கு அல்ல.

எலெக்ட்ரோட் சீக்கிரம் போனால் பழியைக் கரண்டில் மட்டும் போடாதீர்கள். கொழும்புக் காற்றின் ஈரம் டேங்கில் தண்ணீராக நிற்கும். கொம்பிரசருக்கும் டேங்குக்கும் இடையில் ஐந்தாறு மீட்டர் செப்புக் குழாய், டோர்ச்சுக்கு முன்னால் தண்ணீர் பிரிப்பான், தினமும் டேங்க் வடிப்பு, இவை மூன்றும் வேண்டும். எலெக்ட்ரோட் நுனியில் உள்ள ஹெஃப்னியம் உலோகத்தில் விழும் குழி 1.5 மிமீ ஆழம் தாண்டினால் மாற்றுங்கள், நொசிலையும் சேர்த்து.

இன்னும் மெஷின் வாங்கவில்லை என்றால், 230 வோல்ட்டுக்கே செய்த 40 அம்பியர் மெஷின் இதே வேலையை ட்ரான்ஸ்போமர் இல்லாமல் செய்யும். 60ஐ முழுதாக ஓட்டத்தான் வேண்டுமென்றால், ட்ரான்ஸ்போமருக்கு வைத்த காசை த்ரீ பேஸ் இணைப்புக்குக் கட்டுங்கள்.