குட்டி தேவதை போட்டோவுக்கு மூட்டம்: ட்ரை ஐஸா, சாம்பிராணியா, ஃபாக் மெஷினா?

இறக்கை கட்டிய குழந்தை, பின்னால் மாந்தோப்பு, கிளைகளுக்கு நடுவே வெயில் கீற்றுக் கீற்றாக இறங்க வேண்டும். இதற்கு உடையைவிட முக்கியம் மூட்டம்தான், ஏனென்றால் காற்றில் மிதக்கும் துளிகளில் பட்டால்தான் அந்த ஒளிக்கீற்று கண்ணுக்கே தெரியும்.

கல்யாண மண்டபத்தில் பார்த்துவிட்டு நிறைய பெற்றோர் ட்ரை ஐஸ் கேட்கிறார்கள். மேகம் தரையோடு தவழும், அழகுதான். ஆனால் அது மைனஸ் 78 டிகிரியில் உறைந்த கார்பன் டை ஆக்சைடு. வெறும் கையால் தொட்டால் தோல் வெந்துவிடும், ஆவியாகும் வாயுவோ காற்றைவிடக் கனம் என்பதால் கீழேயே தேங்கும், புல்லில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுக் குழந்தையின் மூக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கும். குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். கலர் புகைக் குப்பிகளும் அப்படித்தான், காய்ந்த சருகில் நெருப்பு, உடையில் கறை.

சாம்பிராணிக்குச் செலவே இல்லை. கொட்டாங்கச்சிக் கனலில் ஒரு பிடி தூவினால் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பி ஒளியை நன்றாகப் பிடிக்கும். காற்று திரும்பினால் மட்டும் பிள்ளை கண்ணைக் கசக்கி அழும், அப்புறம் அன்றைக்குப் படம் அவ்வளவுதான். வீசிங் உள்ள குழந்தை என்றால் எந்தப் புகையும் கூடாது, திரவத்தைச் சூடாக்கி மூட்டம் கிளப்பும் ஃபாக் மெஷினும் சேர்த்து.

மற்றவர்களுக்கு என் ஓட்டு ஃபாக் மெஷினுக்குத்தான். 400 வாட் மெஷினுக்குச் சின்ன ஜெனரேட்டர் போதும். பதினைந்து அடி பின்னால், பக்கவாட்டில், காற்று குழந்தைக்குப் பின்புறம் குறுக்கே போகிற மாதிரி வையுங்கள். முதலில் பஞ்சுப் பொதி மாதிரி திரண்டு நிற்கும், உடனே கிளிக் பண்ணாமல் ஒருவர் முறத்தால் விசிறிக் கலைக்கட்டும். அது மெலிந்து பரவும்போதுதான் கீற்றுகள் தெளியும்.

கொடைக்கானல் பைன் காட்டில் இயற்கை மூட்டமே கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும், நம் நேரத்துக்கு வராது. அடர்ந்தால் சூரியனே மறைந்துவிடும், மெல்லிய நெட் கவுனில் பிள்ளை வேறு நடுங்கும்.

எதை எடுத்தாலும் சூரியன் குழந்தைக்குப் பின்னால் தாழ்வாக இருக்க வேண்டும், முன்னாலிருந்து வெயில் பட்டால் மூட்டம் வெறும் வெள்ளைத் திரைதான். நம் ஊரில் வெயில் சரசரவென்று ஏறிவிடும், அதனால் காலை ஆறரைக்கே மெஷினைச் சூடேற்றி வைத்துவிடுங்கள்.