என்ஜின் பின்னால், ஓட்டுநர் முன்னால்

கடைசி நிலையத்தில் வந்து நிற்கும் ரயில், வந்த வழியே திரும்ப வேண்டும். என்ஜினோ தடம் முடியும் முனையில் அடைபட்டுக் கிடக்கிறது. பழைய முறைப்படி கப்ளிங்கைக் கழற்றி, பிரேக் குழாயைப் பிரித்து, பக்கத்துத் தடம் வழியாக என்ஜினைச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் பூட்டி, பிரேக்கைச் சோதிக்க வேண்டும். நெடுந்தூர ரயிலுக்கு இது பெரிய பாரமில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் புறப்படும் புறநகர் முனையத்தில் அதற்கு நேரமும் கிடையாது, தடமும் கிடையாது.

இதற்கு விடையாக வந்ததுதான் இழு-தள்ளு ரயில். ஒரு முனையில் என்ஜின். மறுமுனையில், இழுவிசை எதுவும் இல்லாமல் ஓட்டுநர் அறை மட்டும் உள்ள பெட்டி. ஓட்டுநர் நடைமேடையில் ரயிலின் நீளத்துக்கு நடந்து மறுமுனை அறையில் ஏறிக்கொள்கிறார், அவ்வளவுதான். அங்கே அவர் கைப்பிடியை நகர்த்தினால் கட்டளை பெட்டிகளின் ஊடே ஓடும் கம்பிகள் வழியாகக் கடைசியில் இருக்கும் என்ஜினுக்குப் போகிறது. என்ஜினின் உறுமல் அவர் காதுக்கு எட்டாது. அங்கே சக்கரம் வழுக்கினால்கூட விளக்கோ திரையோதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெட்டிக்குப் பதில் இன்னொரு என்ஜினையே வைத்தால்? பிரிட்டனில் 1976-இல் ஓடத் தொடங்கிய இன்டர்சிட்டி 125 அப்படித்தான்: இரு முனையிலும் டீசல் என்ஜின், மணிக்கு 200 கி.மீ. வேகம். ஒன்று பழுதானாலும் மற்றது ரயிலை நகர்த்திவிடும். ஆனால் வாங்கும் செலவும் பராமரிப்பும் இரட்டிப்பு. ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட்டோ ஒரே மின் என்ஜினும் ஓட்டுநர் அறைப் பெட்டியுமாக 230 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஆக, வேகத்துக்காக இரண்டாவது என்ஜின் கட்டாயமில்லை.

தனி என்ஜின் இல்லாமல் பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார்களைப் பரப்பிய மின்தொடர் ரயில் சட்டென வேகமெடுக்கும். அடிக்கடி நிற்கும் தடத்தில் அதை மிஞ்ச எதுவுமில்லை. இழு-தள்ளு ரயிலுக்கு வேறொரு வசதி: என்ஜின் கெட்டால் அதை மட்டும் மாற்றிவிட்டு, பெட்டிகளை ஓட்டத்திலேயே வைத்திருக்கலாம்.

என்னை உறுத்துவது முன்முனையின் எடை. 1984 ஜூலை 30 அன்று ஸ்காட்லாந்தின் போல்மான்ட் அருகே, என்ஜின் பின்னாலிருந்து தள்ளிவந்த ரயில் தடத்தில் நின்ற மாட்டின் மீது மோதியது. முன்னால் இருந்த இலகுவான ஓட்டுநர் அறைப் பெட்டி தடம் புரண்டது. 13 பேர் இறந்தார்கள். கனத்த என்ஜின் முன்னால் இருந்தால் தாங்கியிருக்கக்கூடிய மோதல் அது. அதன் பிறகுதான் அத்தகைய பெட்டிகளின் முகப்பில் தடை விலக்கிகள் பொருத்தப்பட்டன.

எனவே வேலியில்லாத தடத்திலும், லெவல் கிராசிங் நிறைந்த தடத்திலும் முதல் பெட்டியில் பயணிகளை உட்காரவைக்க என் மனம் ஒப்பவில்லை. அமெரிக்காவின் ஆம்ட்ராக் ரயில் நிறுவனம் கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது: பழைய எஃப்40 என்ஜின்களிலிருந்து டீசல் எந்திரத்தை எடுத்துவிட்டு, ஓட்டுநர் அறையை அப்படியே வைத்து, காலியான இடத்தைச் சாமான் அறையாக்கினார்கள். முன்னால் செல்வது என்ஜினுக்கான உறுதியான கூடு. பயணிகள் அதற்குப் பின்னால்தான்.