அஸ்கரோவ் வந்த ரூட்டா, ஷெஸ்டெர்கின் வந்த ரூட்டா?

ரஷ்யாவைச் சேர்ந்த கோலி (அதாவது கோல்கீப்பர்) யாரோஸ்லாவ் அஸ்கரோவ் பேரை எடுத்தாலே ஐஸ் ஹாக்கி பாக்குறவங்க ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சிடுறாங்க. பையன் அவசரப்பட்டு அமெரிக்கா வந்துட்டான், இன்னும் ரெண்டு மூணு வருஷம் ரஷ்யாலயே ஆடிட்டு வந்திருக்கணும்னு ஒரு கோஷ்டி. அங்கயே இருந்திருந்தா பெஞ்ச்ல உக்காந்தே காலம் ஓடிருக்கும்னு இன்னொரு கோஷ்டி. முதல் கோஷ்டி எப்பவும் கை காட்டுற ஆளு இகோர் ஷெஸ்டெர்கின். ரெண்டு பேருமே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஸ்கா கிளப்ல ஆடிட்டு வந்த கோலிங்க, அதனால பக்கத்து பக்கத்துல வச்சுப் பாக்கவும் வசதி.

ஷெஸ்டெர்கின் கதை நிதானமான கதை. 2014 டிராஃப்ட்ல (வட அமெரிக்காவோட பெரிய லீக் என்ஹெச்எல், அதோட டீம்கள் இளம் வீரர்களை வரிசையா தேர்ந்தெடுக்குற நிகழ்ச்சி) நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரை நாலாவது ரவுண்ட்ல, 118வது ஆளா எடுத்தாங்க, யாரும் பெருசா கண்டுக்கல. அவரும் உடனே கிளம்பல, அஞ்சு வருஷம் ஸ்காலயே இருந்தார். கடைசி சீசன் 2018-19ல ரஷ்யாவோட பெரிய லீக் கேஹெச்எல்ல அவரோட சேவ் பர்சன்டேஜ் .953, அதாவது 100 ஷாட் அடிச்சா 95க்கு மேல நிறுத்திட்டார். அதுக்கப்புறம்தான் 2019ல பெட்டியை கட்டினார், அப்பவும் நேரா நியூயார்க் இல்ல, என்ஹெச்எல்லுக்கு கீழ இருக்குற ஏஹெச்எல் லீக்ல ஹார்ட்ஃபோர்ட் டீம்ல ஒரு அரை சீசன், 2020 ஜனவரி 7ல கொலராடோவுக்கு எதிரா முதல் என்ஹெச்எல் மேட்ச், 5-3 ஜெயிச்சாச்சு. 2022ல சிறந்த கோலிக்கான வெசினா டிராஃபி. 2024 டிசம்பர்ல எட்டு வருஷத்துக்கு 92 மில்லியன் டாலர், இதுவரைக்கும் எந்த கோலியும் வாங்காத காண்ட்ராக்ட்.

இந்தப் பக்கம் அஸ்கரோவ் நேர் எதிர். 2002ல ஓம்ஸ்க்ல பொறந்தவன், 2020 டிராஃப்ட்ல நாஷ்வில் பிரிடேட்டர்ஸ் 11வது ஆளாவே தூக்கிட்டாங்க. கோலியை அவ்வளவு மேல எடுக்க டீம்களுக்கு பொதுவா பயம், 18 வயசுல ஒரு கோலி எப்படி வருவான்னு யாராலயும் சொல்ல முடியாது, அதுக்கு முன்னாடி 11ல போன கோலி 2010ல ஜாக் கேம்ப்பெல்.

இவன்கிட்ட இன்னொரு விசேஷம், க்ளவ் வலது கைல, ஸ்டிக் இடது கைல. முக்காவாசி கோலிங்க இடது கைல க்ளவ் போடுறவங்க, ஷாட் அடிக்கிறவங்களுக்கு க்ளவ் எந்தப் பக்கம் ப்ளாக்கர் (ஸ்டிக் பிடிக்கிற கைல போடுற தட்டைக் கவசம்) எந்தப் பக்கம்னு யோசிக்காமலே கை பழகிருக்கும், இவன் முன்னாடி வந்தா எல்லாம் கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி நிக்கும். அந்த அரை செகண்ட் குழப்பம் கோலிக்கு லாபம்தான். ஆனா அதை மட்டும் வச்சு யாரும் 11வது பிக் செலவு பண்ண மாட்டாங்க, சைட்ல இருந்து சைடுக்கு நகர்ற வேகம்தான் ஸ்கவுட்டுகளை மயக்குச்சுன்னு நான் நினைக்கிறேன்.

சரி, ஸ்காலயே இருந்திருக்கலாமேன்னு கேக்குறவங்களுக்கு, அந்த டைம்ல அங்க ஸ்வீடன்காரர் லார்ஸ் யோஹான்சன் நம்பர் ஒன்னா உக்காந்திருந்தார். ஸ்கா காசுள்ள கிளப், கப் ஜெயிக்கணும்னு இருக்குற கிளப், 19 வயசு பையனுக்கு ஆட சான்ஸ் குடுத்து வளத்துவிடுறது அவங்க வேலை இல்ல. அதனால அஸ்கரோவ் பெரிய டீம்ல அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு ஆடிட்டு, மீதி நேரம் கீழ் லீக்ல ஸ்கா-நேவா டீம்ல ஆடினான். ஷெஸ்டெர்கினும் ஆரம்பத்துல ஸ்கா-நேவா பக்கம் போய் வந்தவர்தான், அதை இந்த ஒப்பீடு பண்றவங்க யாரும் சொல்றதே இல்ல.

2022ல கிளம்பி நாஷ்வில்லோட ஏஹெச்எல் டீம் மில்வாக்கி அட்மிரல்ஸ் வந்தான். ரெண்டு வருஷமும் நல்லாவே ஆடினான், ரெண்டு வருஷமும் டீம் கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரைக்கும் போச்சு. ரிங்க் அகலமும் இங்க மாறுது, ஒலிம்பிக் சைஸ் ரிங்க் 30 மீட்டர்னா இங்க 26 மீட்டர்தான், ஆங்கிள் மாறும், நெட் முன்னாடி கூட்டம் ஜாஸ்தி, பக் (இந்த ஆட்டத்துல பந்துக்கு பதிலா இருக்குற ரப்பர் வட்டு) வர்ற வேகமும் வேற மாதிரி தெரியும். இதை 20 வயசுலயே பழகிக்கிட்டது எனக்கு பெரிய ப்ளஸ்ஸாதான் படுது.

பிரச்சனை மில்வாக்கில இல்ல, மேல. நாஷ்வில்ல மெயின் கோலியா யூசே சாரோஸ் இருந்தார். 2024 ஜூலை 1ம் தேதி அவருக்கு எட்டு வருஷ காண்ட்ராக்ட், வருஷத்துக்கு 7.74 மில்லியன், அப்போ அவருக்கு 29 வயசுதான். அதே நாள்ல பேக்கப் கோலியா ஸ்காட் வெட்ஜ்வுட்டையும் எடுத்தாங்க. ரெண்டு கோலி இடமும் போச்சு! கோலி இடம் விக்கெட் கீப்பர் இடம் மாதிரி, ஒருத்தர் நின்னா இன்னொருத்தர் வெளியதான், ஃபார்வேர்டு மாதிரி நாலாவது லைன்ல (மாத்தி மாத்தி இறங்குற செட்டுகள்ல கடைசி செட்) சொருகி வைக்க முடியாது. பையன் வேற டீமுக்கு டிரேட் பண்ணச் சொல்லி கேட்டான், ஆகஸ்ட் 23ல சான் ஹோசே ஷார்க்ஸுக்கு போனான். திமிருன்னு அப்ப நிறைய பேர் திட்டினாங்க, எனக்கு அது திமிரா தெரியல, கணக்கு தெரிஞ்சவன் வேலையா தெரிஞ்சுது.

இப்ப ஷெஸ்டெர்கின் பக்கம் திரும்பிப் பாருங்க. அவர் வந்தப்ப ரேஞ்சர்ஸ்ல இருந்தது ஹென்ரிக் லண்ட்குவிஸ்ட், பெரிய லெஜண்ட், ஆனா வயசு 37. அடுத்த வருஷமே காண்ட்ராக்டை பை-அவுட் பண்ணி, அதாவது மீதி சம்பளத்துல ஒரு பங்கு குடுத்து முன்னாடியே முடிச்சு, அனுப்பிட்டாங்க. கதவு தானா திறந்துச்சு. அவர் பொறுமையா இருந்தார்ங்கிறது உண்மைதான், ஆனா அவர் வந்த நேரமும் அப்படி அமைஞ்சுது. 2019க்கு பதிலா 2015ல வந்திருந்தா லண்ட்குவிஸ்ட் பின்னாடி நாலு வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கணும்.

சீக்கிரம் வந்தா கெட்டுப் போவாங்கன்னு சொல்றவங்களுக்கு இன்னொரு ரஷ்ய கோலி ஆன்ட்ரேய் வசிலெவ்ஸ்கி பேரு ஒண்ணு போதும். 2012ல 19வது பிக், ஊஃபா கிளப்ல இருந்து 20 வயசுல என்ஹெச்எல் டீம் டாம்பாவுக்கு வந்துட்டார், அங்க மெயின் கோலியா இருந்த பென் பிஷப் பின்னாடி நின்னார். 2015 ஃபைனல்ல பிஷப்புக்கு அடி பட்டப்ப நாலாவது மேட்ச்ல இறங்கினார், 2017 பிப்ரவரில பிஷப்பை டிரேட் பண்ணதும் டீம் இவர் கைக்கு வந்துச்சு. அப்புறம் 2020, 2021ன்னு ரெண்டு ஸ்டான்லி கப் (என்ஹெச்எல் சாம்பியனுக்கான கோப்பை). இங்கயும் பிஷப் காண்ட்ராக்ட் அந்த வருஷம் முடியப் போகுதுங்கிறதைக் கவனிக்கணும்.

அதனால ரஷ்யால எத்தனை வருஷம் இருக்கணும்ங்கிற கேள்வியே எனக்கு ரெண்டாம்பட்சம்தான். முன்னாடி நிக்கிற கோலிக்கு என்ன வயசு, காண்ட்ராக்ட் எப்ப முடியுதுன்னு முதல்ல பாக்கணும். அந்த விஷயத்துல நாஷ்வில் அஸ்கரோவுக்கு தப்பான இடம். சான் ஹோசேல வழி திறந்திருக்கு, ஆனா அங்க வேற தலைவலி: 2023-24, 2024-25 ரெண்டு சீசனும் லீக்லயே கடைசி டீம், கோலி மேல ஷாட் மழையா கொட்டும், சேவ் பர்சன்டேஜ் அழகா இருக்காது, அதை வச்சு பையனை எடை போடுறது நியாயம் இல்ல. ஷார்க்ஸோட இளம் ஃபார்வேர்டு மெக்லின் செலப்ரீனி மாதிரி ஆளுங்க வளர வளர டிஃபென்ஸும் சரியானாத்தான் உண்மையான அஸ்கரோவ் யாருன்னு தெரியும்.

ஒப்பிட்டே ஆகணும்னா 2027 கோடைக்கு காத்திருங்க. ஷார்க்ஸ் குடுத்த வருஷம் 2 மில்லியன் காண்ட்ராக்ட் அப்பதான் முடியுது, அவனுக்கு 25 வயசு ஆகும். ஷெஸ்டெர்கின் இதே 25 வயசுல, 2021 ஆகஸ்ட்ல, மொத்தமே 47 என்ஹெச்எல் ரெகுலர் சீசன் மேட்ச் ஆடின நிலைமைல நாலு வருஷத்துக்கு 22.67 மில்லியன் வாங்கினார். அந்த நம்பரை குறிச்சு வச்சுக்கோங்க, அஸ்கரோவ் அதுக்கு மேல வாங்குவான்னுதான் என் பந்தயம்.